இருமுறை மந்திரித்த வண்டி

‘கடன் முழுவதும் அடைபடும்வரை, நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இன்றி, வாகனத்தை வேறு எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது.’

இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதியவன் நான்தான். ஒரு கம்பெனிக்கு அல்ல, பல கம்பெனிகளுக்கு. நொய்டாவில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் தமிழ்ப் பிரிவின் தலைவன் நான். பிரிவில் என்னைத் தவிர யாரும் இல்லாததால் தலைமைக்குப் போட்டி இருந்ததில்லை. கடன் பத்திரங்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வருமே, விதிமுறைகளும் நிபந்தனைகளும், அவற்றைத் தமிழாக்குவதுதான் என் பிழைப்பு. அவற்றை யாரும் படிப்பதில்லை என்று உலகம் குறைப்பட்டுக்கொள்கிறது. எழுதிய நானே படித்ததில்லை. மொழிபெயர்ப்பது வேறு, படிப்பது வேறு. தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

அந்த வாக்கியத்தை நான் முதல்முறையாகப் படித்தது, போலீஸ்காரர் ஒருவர் டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் மனைவி ஜெனியின் பெயரைச் சொல்லிக் கேட்ட அன்றுதான்.

வண்டி வந்த கதையிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் புத்திசாலித்தனம் அங்கேயே தொடங்கிவிட்டது. 2020 மார்ச் மாதம், பழைய மாசுத் தரத்து டீசல் கார்களை டெல்லியில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் முதல் அவற்றை விற்கவே முடியாது என்பதால்தான் அந்த விலை. நான் அதை எனக்காகவே அறிவித்த சலுகை என்று எடுத்துக்கொண்டேன். பெண்கள் பெயரில் கடன் வாங்கினால் வட்டி ஒரு துளி குறையும் என்று கடைக்காரர் சொன்னதும், கடனையும் வண்டியையும் ஜெனியின் பெயரில் போட்டேன். ஒரே நாளில் இரண்டு இடத்தில் மிச்சம் பிடித்த ஆண்பிள்ளை என்று மீசையைத் தடவிக்கொண்டு வீடு வந்தேன்.

வந்த கையோடு ஊரடங்கு வந்தது. அது ஓய்ந்த பிறகு வந்த குளிர்காலங்களில், காற்று கெட்டுப்போகும் நாட்களில் இந்த ரக டீசல் வண்டிகள் தெருவில் இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. டெல்லிக் குளிர்காலத்தில் காற்று கெட்டுப்போகாத நாள் எது என்று யாராவது எனக்குச் சொன்னால் நன்றாக இருக்கும். ஆக, கீழே வேப்பமரத்தடியில் புறாக்கள் எச்சமிடுவதற்கென்று ஒரு வெள்ளைக் கார் நின்றது. நாங்கள் மெட்ரோவில் போய்வந்து அதற்குத் தவணை கட்டினோம்.

ஆனால் வண்டியை மந்திரிப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நாங்கள் தூத்துக்குடிக் கத்தோலிக்கர்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காத வண்டி எங்களைப் பொறுத்தவரை வெறும் தகரம். வாங்கிய வாரமே தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் மாதா சுரூபம் வைத்த கெபி முன்னால் நிறுத்தி மந்திரித்தாயிற்று. ஊரிலிருந்து வரவழைத்த ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியில் நானே ஒட்டினேன். கையில் குழந்தை இயேசுவோடு அந்தோணியார். கீழே தமிழில், ‘புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.’ காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் அவர். பின்னால் தேவைப்படும் என்று நினைத்து ஒட்டவில்லை. பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்கு விழுந்தால் நின்றுவிடுவாள். மெட்ரோவில் கம்பியைப் பிடித்து நின்றபடியே ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தாள். இரண்டு தடவை தோற்றாள், பிறகு தேறினாள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலை தருவதாகச் சொன்னது. எங்கள் மகள் ஸ்நேஹாவின் மேல்படிப்பு அந்த வேலையை நம்பியிருந்தது. அதற்கும் மேலே, ஜெனிக்கு அது ஆசை.

“இங்க எல்லாரும் ‘சிஸ்டர், இங்க வா, சிஸ்டர், அங்க போ’ன்னுதான் கூப்பிடுதாவ. எம் படிப்புக்கு ஒரு மரியாத இருக்க இடத்துல கொஞ்ச நாளு நின்னு பாக்கணும்” என்பாள்.

அவள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்கு அடுத்த யோசனை உதித்தது. எப்படியும் வெளிநாடு போகப்போகிறாள். வண்டி எதற்கு? விற்கலாம் என்றால், இந்த டீசல் வண்டியை விற்று வரும் பணத்தைவிடக் கடன் பாக்கி அதிகம். அப்போது எங்கள் கோயில் பாடற்குழுவின் ஏசுதாஸ் வாயைத் திறந்தார்.

ஏசுதாஸ் கரோல் பாகில் ஒரு துணி வியாபாரியிடம் கணக்குப் பார்ப்பவர். திருச்சிப் பக்கத்துக்காரர். நற்கருணைப் பாட்டை அவர் எடுத்தால் பின்வரிசையில் கைபேசி பார்ப்பவர்கள்கூடத் தலையை நிமிர்த்துவார்கள்.

“அண்ணே, எனக்கு சிபில் கொஞ்சம் சரியில்லை. எந்த பேங்க்லயும் குடுக்க மாட்டேங்கறான். வண்டியை எங்கிட்டக் குடுங்க, மீதித் தவணையை மாசா மாசம் பக்காவா நான் கட்டிடறேன். முடிஞ்சதும் என் பேருக்கு மாத்திக்கலாம்.”

எந்த வங்கியும் நம்பாத மனிதர் என்று அவரே சொல்லிவிட்டார். இதைவிட நேர்மையாக ஒருவர் எச்சரிக்க முடியாது. ஆனால் எனக்கு அவருடைய நேர்மைதான் கண்ணில் பட்டது. வங்கிக்காரனுக்கு என்ன தெரியும், அவன் இவர் பாடிக் கேட்டிருக்கிறானா என்று நினைத்தேன். ஊரில் ஒருவரும் கொடுக்காத கடனை நான் கொடுத்தேன், அதுவும் என் மனைவியின் பெயரில்.

“எழுதி வாங்குனீயளா?” என்று ஜெனி கேட்டாள்.

“கோயில் ஆளுகிட்ட பத்திரமா? கேக்கவே நல்லா இல்ல. நான் பாத்துக்கிடுதேன், நீ படி.”

பத்திரத்துக்குப் பதிலாக இன்னொரு முறை மந்திரிக்க ஏற்பாடு செய்தேன். வண்டி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது, சாமியார் முன்னால் சாவி கைமாறினால் அதைவிடப் பெரிய சாட்சி எது? அடுத்த தமிழ்ப் பூசை முடிந்ததும் அதே கெபி, அதே தீர்த்தம். ஏசுதாஸ் ரிப்பன் கட்டியிருந்தார். கேக் வாங்கி வந்திருந்தார். சாமியார் செபம் சொன்னார். பிறகு நான் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். மைக் இல்லை என்பது ஒன்றுதான் குறை. நடுவில் ஜெனி ஏதோ கேட்டாள், நான் ஏதோ சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். ஸ்நேஹா முழுவதையும் தன் கைபேசியில் வீடியோ எடுத்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. வீடியோ எடுப்பதற்கு எழுத்து தேவையில்லையே.

சில மாதங்கள் ஏசுதாஸ் சொன்ன வாக்குத் தவறவில்லை. தவணைத் தேதிக்கு முன்பே பணம் வந்துவிடும். கூடவே கைகூப்பும் படம் ஒன்றும் வரும். கட்டுமட்டான மனிதர் என்று ஜெனியிடம் அடிக்கடி சொல்லிக் காட்டினேன்.

மழைக்காலத்தில் முதல் அபராதம் வந்தது. இங்கே வேகமாகப் போனால் கேமரா படம் பிடித்து, வண்டிப் பதிவில் எந்தக் கைபேசி எண் இருக்கிறதோ அதற்குச் செய்தி அனுப்பிவிடும். ஜெனிக்கு எதற்குத் தொந்தரவு என்று பதிவில் என் எண்ணைக் கொடுத்திருந்தேன். படத்தைத் திறந்தால் பின்கண்ணாடியில் நம் அந்தோணியார் தெளிவாகத் தெரிந்தார். கட்டிக்கொடுத்த பெண்ணின் படத்தைப் பார்ப்பது போல் எனக்குப் பாசம் பொங்கியது.

“ஸாரிண்ணே, ஜல்தியில போயிட்டேன். இப்பவே கட்டிடறேன்” என்றார் ஏசுதாஸ். கட்டியும் விட்டார்.

அடுத்த படத்தில் வண்டியின் கூரைமேல் சாமான் ஏற்றும் கம்பி முளைத்திருந்தது. குடும்பத்தோடு சுற்றுலா போகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்து வந்தவை எல்லாம் விமான நிலையத்துச் சாலையில் எடுத்த படங்கள். சொந்தக்காரர்கள் நிறைய வருகிறார்கள், பாவம், அலைகிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் அந்தோணியாருக்குப் பக்கத்தில் சிவப்பு இந்தி எழுத்தில் ‘ஜெய் மாதா தி’ என்று வடக்கத்தி அம்மன் கோஷம் வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பரந்த மனது இந்த ஏசுதாஸுக்கு! அன்று அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் மத நல்லிணக்கம் பற்றி நீளமாகப் பேசினேன்.

பின்னால் வந்த படத்தில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. அதன்பின் வந்ததில் அந்தோணியாரின் முகத்தில் பாதியை யாரோ சுரண்டியிருந்தார்கள். டெல்லி வெயில் அப்படி, எதுவும் உரிந்துவிடும் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஏசுதாஸ் தமிழ்ப் பூசைக்கு வருவதை நிறுத்தியபோது, தொண்டை கட்டியிருக்கும் என்றேன். தவணைப் பணம் தாமதமானபோது, ஜெனிக்குத் தெரியாமல் நானே கட்டிவிட்டு, நல்ல மனிதருக்கு ஒரு கஷ்டம் வரக்கூடாதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்பவனும் நான், பதில் சொல்பவனும் நான் என்பதால் உரையாடல் சுமுகமாகவே போயிற்று.

இதற்கிடையில் அயர்லாந்துக்கு வேண்டிய எல்லாம் வந்து சேர்ந்தன. ஒன்றே ஒன்றுதான் பாக்கி: ஜெனியின் மீது எந்தப் போலீஸ் வழக்கும் இல்லை என்ற சான்றிதழ். அதற்கு விண்ணப்பித்துவிட்டுப் பெட்டிகூட வாங்கிவிட்டாள். ஊதா நிறப் பெட்டி. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு நாளைக்கு ஒரு பொருளாக அதில் போட்டுக்கொண்டிருந்தாள்.

போலீஸ்காரர் வந்தபோது சான்றிதழ் விசாரணைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவருக்கு நாற்காலி போட்டேன். டீ வேண்டுமா என்று கேட்டேன். அவர் நீட்டியது நோட்டீஸ். பதர்பூர் பக்கத்தில் இந்த எண்ணுள்ள கார் ஒரு கொய்யாப்பழ வண்டியை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. பழம் விற்றவருக்குக் கால் முறிந்துவிட்டது. அன்று வண்டியை ஓட்டியது யார் என்று வண்டிச் சொந்தக்காரர் நேரில் வந்து சொல்ல வேண்டும். சொந்தக்காரர், ஜெனி.

“இன்சூரன்ஸ் இருக்குமே?” என்றேன் நான். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

“எந்தக் கால்? எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்?” என்று இந்தியில் போலீஸ்காரரிடம் கேட்டாள் ஜெனி.

அவர் போன பிறகு ஜெனி படுக்கையறைக்குப் போனாள். ஊதாப் பெட்டியை எடுத்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். அன்றுதான் கடன் பத்திரத்தைத் தேடி எடுத்து, பின்பக்கத்தைப் படித்தேன். நல்ல தமிழ். ஐயத்துக்கு இடமில்லாத தமிழ். எழுதியவனைக் கூப்பிட்டுக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது.

கரோல் பாகில் ஏசுதாஸின் வாடகை வீட்டுக்கு மூச்சிரைக்க ஏறிப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் ஒளியவில்லை, ஓடவில்லை. மனைவியிடம் காபி போடச் சொன்னார்.

“வண்டி எங்கிட்ட இல்லைண்ணே. வருசமாகப் போகுது. முதலாளி சம்பளத்தைக் குறைச்சுட்டார். தவணை கட்ட முடியலை. குருகிராம்ல ஒருத்தர், ஏர்போர்ட் சவாரி ஓட்டறவர், தானே தவணையைக் கட்டிக்கறேன்னார். ரொம்ப நல்ல மனுசன். நீங்க எனக்குக் குடுத்த மாதிரியேதான் குடுத்தேன்.”

“அவர் எங்க?”

“அவரும் முடியாம ஃபரிதாபாத்ல இன்னொருத்தருக்குக் குடுத்துட்டாராம். இதே முறையிலதாண்ணே.”

எங்கள் கண்டுபிடிப்பு தலைநகரம் முழுக்கப் பரவிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன கேட்கிறோம் என்றே தெரியவில்லை. “அவங்களும் மந்திரிச்சாங்களா?” என்று கேட்டேன்.

“பூஜை போட்டாங்கண்ணே. தேங்காய் உடைச்சு.” அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே பதில் சொன்னார்.

இன்சூரன்ஸ்? அதை ஏசுதாஸ் கட்டுவார் என்று நான் இருந்தேன். குருகிராம்காரர் கட்டுவார் என்று ஏசுதாஸ் இருந்தார். குருகிராம்காரர் ஃபரிதாபாத்காரரை நம்பினார். விபத்து நடந்த அன்று அந்த வண்டிக்கு இருந்த ஒரே பாதுகாப்பு பாதி முகத்து அந்தோணியார்தான். ஏசுதாஸைத் திட்டலாம் என்றுதான் போனேன். அவர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் ஒரு வித்தியாசமாவது கிடைத்திருந்தால் திட்டியிருப்பேன். காபியைக் குடித்துவிட்டு, போலீஸ் நிலையத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிறேன் என்றார்.

அந்த வாரத்தில் ஜெனி பழக்காரரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் தரையில் படுத்திருந்தாராம். அங்கே இருந்த நர்ஸிடம் பேசி, கால் கட்டைச் சரிசெய்து கட்டவைத்து, கட்டிலும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வண்டி யாருடையது என்று அவரிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

“சொன்னேன். எம் பேருல உள்ள வண்டின்னு சொன்னேன். அழுதாரு. நானும் அழுதேன்” என்றாள். அவ்வளவு வார்த்தைகள் அவள் என்னிடம் பேசியது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

போலீஸ் நிலையத்தில் ஒரு ஹரியானாக்கார சப்-இன்ஸ்பெக்டர் எங்களை உட்காரவைத்தார். ஜெனி, நான், ஏசுதாஸ். வண்டியை ஓட்டிய ஃபரிதாபாத் ஆள் ஏற்கெனவே பிடிபட்டிருந்தான். ஆனால் சப்-இன்ஸ்பெக்டருக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. அதை நிதானமாக இந்தியில் சொன்னார். மாதாமாதம் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் மேடத்தின் கடன் கணக்குக்குப் போயிருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்த வண்டியை, அனுமதியும் இன்சூரன்ஸும் இல்லாமல் மேடம் வாடகைக்கு விட்டுச் சம்பாதித்திருக்கிறார். இல்லையென்றால் இது என்ன?

ஜெனியின் பெயரும் வழக்கில் சேரப்போகிறது என்பது எனக்குப் புரிந்தது. அப்புறம் சான்றிதழ் ஏது, அயர்லாந்து ஏது? ஜெனி மடியில் பையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

“வாடகை இல்லை ஜி, வண்டியையே கொடுத்துவிட்டோம்” என்றேன்.

“காகிதம்?”

“இல்லை.”

“சாட்சி?”

“எங்கள் சாமியார்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போதுதான் ஸ்நேஹாவின் வீடியோ நினைவுக்கு வந்தது. மகளுக்குப் போன் செய்து அனுப்பச் சொன்னேன். வந்தது. மேசைமேல் கைபேசியை நிறுத்தி ஓடவிட்டோம். கெபி, ரிப்பன், தீர்த்தம், சாவியும் கையுமாக நான். என் சொற்பொழிவை நானே இந்தியில் பெயர்த்துச் சொன்னேன்: “இன்று முதல் இந்த வண்டி தம்பி ஏசுதாஸுடையது. எங்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.” அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு வீடியோவில் ஜெனி வாயைத் திறந்தாள்.

சிரிப்பு எழுந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் வீடியோவை நிறுத்தினார். “இங்கே மேடம் என்ன சொல்கிறார்? ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள்?”

அன்று நான் என்ன சொன்னேன் என்பதை அந்தக் கைபேசி எனக்கு அப்போதுதான் ஞாபகப்படுத்தியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏட்டு, கதவருகே இரண்டு பேர், பக்கத்தில் ஏசுதாஸ்.

“கேக் வெட்டலாமா என்று கேட்கிறார் ஜி” என்றேன். இத்தனை வருடத் தொழிலில் நான் செய்த முதல் பொய் மொழிபெயர்ப்பு.

“அச்சா” என்றார் அவர். பேனாவை எடுத்து, மேடமும் சந்தோஷமாகச் சேர்ந்துகொண்டார் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

ஜெனிக்கு என்னைவிட நன்றாக இந்தி தெரியும். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வார்டில் ஒரு நோயாளி மருந்தை விழுங்குகிறாரா, துப்புகிறாரா என்று பார்ப்பது போல் பார்த்தாள்.

“நிறுத்துங்கள் ஜி” என்றேன். “நான் சொன்னது தப்பு. மறுபடி போடுங்கள். ஒவ்வொரு வரியாகச் சொல்கிறேன்.”

மறுபடி ஓடியது. வீடியோவில் ஜெனி கேட்டாள்: “பேரு மாத்தியாச்சா? எம் பேர எடுத்துட்டுல்லா வண்டியக் குடுக்கணும்?”

பெயர்த்துச் சொன்னேன்.

வீடியோவில் நான் சொன்னேன்: “சாமி முன்னால குடுத்தாச்சு, பெறகு என்ன பேரு? நம்ம வீட்டம்மாவுக்கு அந்தோணியார விட ஆர்.டி.ஓ. ஆபீஸ் மேலதான் விசுவாசம் சாஸ்தி!” எல்லோரும் சிரித்தார்கள். வீடியோவில் அதிகம் சிரித்தது நான்தான்.

அதையும் சொன்னேன். அந்தோணியார் யார் என்று அவர் கேட்டார். அதையும் விளக்கினேன்.

வீடியோவில் ஜெனி விடவில்லை: “எம் பேருல இருக்குலா. நாளைக்கு ஒண்ணுன்னா என்னயல்லா கேப்பாவ?”

பெயர்த்துச் சொன்னேன்.

வீடியோவில் நான் சாவியை ஆட்டிக்கொண்டே சொன்னேன்: “ஒன்னய எவன் கேப்பான்?”

சப்-இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். ஜெனியும் காத்திருந்தாள். நான் சொன்னேன். உன்னை யார் கேட்கப் போகிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன் ஜி.

அவர் பேனாவைத் தன் சட்டைப்பக்கம் திருப்பிக் காட்டினார். “மே பூச் ரஹா ஹூம்” என்றார். நான் கேட்கிறேன்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. கோயிலில் சிரித்தவர்களில் ஒருவராவது அங்கே இருந்து சிரித்திருக்கலாம் என்று தோன்றியது. ஏசுதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்று மேடம் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார், கணவர் கேட்கவில்லை. அதைப் படித்துக் காட்டி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு ஏட்டைக் கூப்பிட்டு, “மேடத்துக்கு டீ கொண்டு வா” என்றார். என்னைக் காட்டி, “இவருக்கு வேண்டாம்” என்றார்.

அப்போது ஜெனி சிரித்துவிட்டாள். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக வீடியோவை இன்னும் பத்து மொழியில் பெயர்க்கச் சொன்னாலும் பெயர்த்திருப்பேன்.

வெளியே வந்து மெட்ரோவுக்கு நடக்கும்போது கேட்டேன். “நான் கேக்குன்னு சொன்னப்பவே நீ இந்தியில எடுத்துச் சொல்லியிருக்கலாம்லா?”

“நான் சொன்னா தப்பிக்கச் சொல்லுதாள்னு நெனப்பாவ. நீங்க சொன்னாத்தான் அது சாட்சி.” கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள். “நீங்க கேக்குன்னு சொன்னீயல்லா, அந்த நிமிசம் நான் அயர்லாந்த விட்டுட்டேன்.” படியில் இறங்கும்போது, “ஒங்களையும்தான்” என்றாள்.

அவளுடைய பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

சான்றிதழ் மெதுவாகத்தான் வந்தது. ஜெனி சேர்ந்து போக வேண்டிய நர்ஸ்கள் குழு அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த குழுவில் இடம் கிடைத்தது. பழக்காரருக்குத் தர வேண்டியதை நானும் ஏசுதாஸும் சேர்ந்து தருகிறோம். ஏசுதாஸ் இப்போது கச்சேரிகளில் பாடி அதைச் சம்பாதிக்கிறார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் அதே துணிக்கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார், அதனால் பாடற்குழுவில் இப்போது பாட்டெடுக்க ஆள் இல்லை. வண்டி போலீஸ் வளாகத்திலிருந்து வீடு திரும்பி, அதே வேப்பமரத்தடியில் நிற்கிறது. தவணை நான் கட்டுகிறேன். புறாக்களுக்கு அது திரும்பி வந்ததில் மகிழ்ச்சி.

வண்டியைத் திரும்ப எடுத்த அன்று சாமியார் போன் செய்தார். “சைமன், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஒரு தரம் மந்திரிச்சுடலாமா?”

“தோத்திரம் சாமி, ஜெனிகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

“மந்திரிக்கலாம். அதுக்கு முன்னால ஒரு வேல இருக்கு” என்றாள் ஜெனி. மறுநாள் டூட்டி முடிந்து வரும்போது ஒரு முத்திரைத்தாள் வாங்கி வந்திருந்தாள். அவள் ஊரில் இல்லாத காலத்தில் அந்த வண்டியால் வரும் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று எழுதித் தர வேண்டும். தவணை, அபராதம், இன்சூரன்ஸ், விபத்து, எல்லாம். யாரிடமும், அவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும், வண்டியை ஒப்படைக்க மாட்டேன் என்றும் எழுத வேண்டும்.

“நமக்குள்ள என்ன பத்திரம்?” என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். என் தொழில் அது, வேகமாக எழுதிவிட்டேன். பழக்கதோஷத்தில் கடைசிப் பகுதியைப் பொடி எழுத்தில் எழுதியிருந்தேன்.

ஜெனி ஊதாப் பெட்டியின் மேல் அமர்ந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக, பொடி எழுத்தையும் விடாமல் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, மறுபடி மேலே போய்ப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். நான் எழுதிய நிபந்தனைகளை இதுவரை முழுவதும் படித்தவள் அவள் ஒருத்திதான். படித்து முடித்ததும் பேனாவை என்னிடம் நீட்டினாள்.